ஒட்டறவர் கூலி

வடகரப்பதியில ஆரம்பிச்சு நல்லேப்பிள்ளி வரைக்கும், சுவத்துல வால்பேப்பர் ஒட்டியிருக்கற எந்த ஊட்டுல வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. அந்த மேஸ்திரியைப் பத்திப் பேச்செடுத்தாப் போதும், "நெம்ப நியாயமான மனுசனுங்க"ன்னுதான் சொல்லுவாங்க. அதைக் கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஆறு வருசம் அந்தாளுகிட்ட வேலைக்குப் போனவ நான். இப்பவும் பேச்சுல "வருவாரு, போவாரு"ன்னுதான் வருது. அது நாக்குப் பழக்கம். மரியாதைன்னு யாரும் நெனச்சுக்க வேண்டாம்.

அரைக்கை வெள்ளைச் சட்டை, காதுல பென்சில், இடுப்புல ஸ்டீல் டேப்பு, பழைய டிவிஎஸ் வண்டி. பீடி இல்லை, வெத்தலை இல்லை, குடி இல்லை. சத்தம் போட்டுப் பேச மாட்டாரு. வேலைக்குப் போற ஊட்டுல தண்ணி குடுத்தாக் குடிப்பாரு, சோறு போட்டா வேண்டாம்பாரு. "கூலி வாங்கறமுங்க, அதுக்கு மேல ஒண்ணும் வாங்கப்படாதுங்க" அப்படீன்னு ஒரு பேச்சு. அவரு வேண்டாம்னுட்டா நான் எப்படி உக்காந்து திங்கறது? குழம்பு வாசம் மூக்குல ஏற, தூக்குப்போசியில கொண்டுபோன பழைய சோத்தைப் பின்னால வாசப்படியில உக்காந்து தின்னுட்டு வருவேன்.

அவரு ரேட்டு பேசறதைப் பாக்கோணும் நீங்க. சுவத்தை மூணு தடவை அளப்பாரு. கதவு, ஜன்னல் அளவெல்லாம் கழிப்பாரு. இந்தத் தொழில்ல யாரும் அதைக் கழிக்கறதில்லை, வெட்டின துண்டு எப்படியும் குப்பைக்குத்தான் போகும். இவரு கழிப்பாரு. அப்பறம் ஒரு கோடு போட்ட தாளை எடுத்து வெச்சுக்கிட்டு எழுதுவாரு. பேப்பர் இத்தனை ரோல், கோயமுத்தூர் கடை பில்லு இதோ. பசைக்கு இவ்வளவு. ஒட்டறவர் கூலி நாளுக்கு ஆயிரத்து இரநூறு. கையாள் கூலி ஐநூறு. எனக்கு லாபம் நூத்துக்குப் பத்து. எழுதி முடிச்சுத் தாளை ஊட்டுக்காரங்க பக்கம் திருப்பி வெச்சுப் பென்சிலையும் குடுப்பாரு. "நீங்களே பாருங்க. எங்காச்சும் எச்சா இருந்தா அடிச்சுப் போடுங்க."

யாரும் அடிச்சதில்லைங்க. லாபம் இவ்வளவுன்னு தானா எழுதிக் காட்டற மனுசன்கிட்ட யாரு பேரம் பேசுவாங்க? தாளை வாங்கிப் பாத்துட்டு அப்படியே உருகிப் போவாங்க.

அந்தத் தாளுல ஒட்டறவருங்கறது அவரு. கையாளுங்கறது நான். ஆனாச் சுவத்துல ஒட்டினது முச்சூடும் நான். இது என்ன அநியாயம்னு கேக்கறீங்களா? ஆறு வருசத்துல ஒருத்தரும் கேக்கலை.

மொதல்ல நான் பசை கலக்கத்தான் போனேன். மூணாவது மாசமோ என்னமோ, அவருக்கு வலது தோள்பட்டை புடிச்சுக்கிச்சு. கை தோளுக்கு மேல எந்திரிக்காது. வைத்தியம் பாத்தாரு, எண்ணெய் போட்டாரு, ஒண்ணும் ஆகலை. ஒருநா ஒரு சுவத்துக்கு முன்னால பசை தடவின பேப்பரைக் கையில வெச்சுக்கிட்டு நின்னவரு, "சித்தெ ஏணியில ஏறு அம்மிணி"ன்னாரு. ஏறினேன். அன்னைக்கு ஏறினவ ஆறு வருசம் எறங்கலை. பசை தடவின பக்கம் உள்ள வர்ற மாதிரி பேப்பரை மடிச்சு அஞ்சு நிமிசம் ஊற வெச்சு, "இந்தா அம்மிணி, புடி"ன்னு கீழ இருந்து நீட்டுவாரு. தூக்குக்குண்டு விட்டு நேர் பாக்கறது நான். ஒரு பட்டையில இருக்கற கொடிக்கு அடுத்த பட்டையில இருக்கற கொடியைச் சேர்த்து வெக்கறது நான். காத்து நிக்காமத் தேச்சு எறக்கறது, மேல மச்சு ஓரத்துல கத்தி போட்டு வெட்டறது, ஸ்விட்ச் போர்டைச் சுத்தி அறுக்கறது எல்லாம் நான். கழுத்து நிமிந்து நிமிந்து ராத்திரி படுத்தா உத்தரம் சுத்தும். அவரு சட்டையில ஒரு சொட்டுப் பசை இருக்காது.

கை எந்திரிக்காத ஆளை நான் குத்தம் சொல்லலைங்க. நோவு யாருக்குத்தான் வரலை? "ஏறினது நீ, ஒட்டறவர் கூலி உனக்கு"ன்னு ஒரு தடவை எழுதியிருந்தா இன்னைக்கு நானும் ஊரோட சேர்ந்து நியாயமான மனுசன்னு சொல்லியிருப்பேன்.

ஒருக்கா நல்லேப்பிள்ளியில ஒரு ஊட்டுல ஒரு ரோல் மிஞ்சிப் போச்சு. வேலை முடிஞ்சு வந்து, வண்டியில இருந்து சாமானை எறக்கும்போதுதான் பாத்தோம். மழை கொட்டுது. அந்த மழையில திரும்பப் போய் ரோலைக் குடுத்துட்டு நனைஞ்சு வந்தாரு. அந்த ஊட்டுக்காரரு இன்னைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி மாயறாரு. அதே வாரம் ஒருநா நான் மத்தியானம் மூணு மணிக்கு மகளுக்குக் காய்ச்சல்னு கெளம்பியிருந்தேன். சனிக்கிழமை கூலி தரும்போது நூத்தி இருபத்தஞ்சு கொறைச்சிருந்தாரு. "செய்யாத வேலைக்கு வாங்கினா உனக்கே ஒட்டாது அம்மிணி"ன்னு அவ்வளவு அன்பாச் சொன்னாரு. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

காந்தலூர் கதையைச் சொல்றேன், கேளுங்க. அங்க ஒரு ஹோம்ஸ்டேக்காரரு நாலு ரூமுக்கு ஒட்டச் சொல்லிக் கூப்பிட்டாரு. எஸ்டேட்டுல வேலை பாத்து, காசு சேத்து, எடம் வாங்கிக் கட்டினவரு. நம்மாளு அங்கயும் தாளைத் திருப்பி வெச்சு, நாலு நாளுன்னு எழுதிக் குடுத்துட்டாரு. மொத ரூமு ஒட்டி முடிச்சதும் ஜன்னலை எல்லாம் தொறந்து வெச்சாரு. நம்ம பக்கம் அப்படித்தான். கணவாய்க் காத்து உள்ள புகுந்துச்சுன்னா ரெண்டு மணி நேரத்துல பேப்பர் முறுமுறுன்னு காஞ்சிரும். நான் சொன்னேன், "மேஸ்திரி, இது மலைங்க, ஜன்னலைச் சாத்திருவோம்"னு. "காத்து இல்லாம எப்படிக் காயும் அம்மிணி?"ன்னாரு. காத்து வரலை, பனி மஞ்சுதான் வந்துச்சு. காலையில போய்ப் பாத்தா, ஒட்டின பேப்பர் பாதி தரையில கெடக்குது. மிச்சம் தண்ணி சொட்டிக்கிட்டுத் தொங்குது. அட கருமமேன்னு தலையில கை வெச்சு உக்காந்துட்டேன்.

மூணு நாள் எச்சா ஆச்சு. ஹோம்ஸ்டேக்காரரு நல்ல மனுசன். "அண்ணாச்சி, பரவால்ல, பாதிச் செலவு நான் தாரேன், நீங்க என்ன, வேணும்னேவா செஞ்சீங்க?"ன்னாரு. நம்மாளு காதுலயே போட்டுக்கலை. "தப்பு நம்முளுதுங்க. சொன்ன ரேட்டுக்கு மேல ஒரு பைசா வேண்டாமுங்க." புது ரோல் கைக்காசுல வாங்கினாரு. மூணு நாள் கூலியை அவரும் விட்டாரு, இல்லைன்னு சொல்லலை. ஆனா என்ற கூலியையும் சேர்த்தி விட்டாரு. என்னை ஒரு வார்த்தை கேக்கலை. ஜன்னலைச் சாத்தச் சொன்னவ நான். தப்பு எப்படிங்க "நம்முளுது" ஆகும்?

மனசு கேக்காம அந்த ஹோம்ஸ்டேக்காரரு ஒரு பை நிறையப் பூண்டு குடுத்தாரு. மலைப்பூண்டு, நல்ல வாசம். வர்ற வழியில உடுமலை பஸ் ஸ்டாண்டுல ஒரு கடையில தராசு கேட்டு வாங்கி அதைப் பங்கு போட்டாரு. ரெண்டு பங்கு அவருக்கு, ஒரு பங்கு எனக்கு. ஒட்டறவருக்கு இவ்வளவு, கையாளுக்கு இவ்வளவு. பூண்டுலகூட! கடைக்காரன் சிரிக்கறான். எனக்கு அந்தப் பூண்டை அந்தாளு மூஞ்சியிலயே எறிஞ்சுட்டுப் போகலாமான்னு இருந்துச்சு. எறியலை. கொண்டுவந்து தொக்கு வெச்சோம்.

அதுக்கப்பறம்தான் ஒருநா வாயைத் தொறந்து கேட்டேன். "மேஸ்திரி, ஒட்டறது நாந்தானுங்க. ஒட்டறவர் கூலியில பாதியாச்சும் குடுங்க." கோவிச்சுக்கலை அவரு. உக்காரச் சொல்லி, காதுல இருந்து பென்சிலை எடுத்து எனக்கே ஒரு தாள் எழுதினாரு. "நம்ம ஊருல களை எடுக்கற பொம்பளைக்கு என்ன கூலி? நானூத்தி அம்பது. உனக்கு நான் என்ன தாரேன்? ஐநூறு. அம்பது எச்சு. இதுல அநியாயம் எங்கிருக்குதுன்னு நீயே அடிச்சுக் காட்டு."

"தொழிலுறப்பு நூறு நாள் வேலையில ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே கூலிதானுங்களே?"

"அது சர்க்காரு காசு அம்மிணி. இது ஊட்டுக்காரங்க காசு. ஊட்டுக்காரங்க தலையில நம்ம ஆசையை ஏத்தப்படாது."

பென்சிலை எங்கிட்ட நீட்டறாரு. என்ன கெரகம் புடிச்ச மனுசன் பாருங்க. அடுத்த வாரத்தோட நின்னுக்கிட்டேன்.

மூணு மாசம் சும்மா இருந்தேன். அப்பறம் வடகரப்பதியில இருந்து ஒரு அம்மா கூப்பிட்டாங்க. பத்து ஏக்கரா வெள்ளாமைக் காடு, தென்னந்தோப்பு, பெரிய ஊடு. ரெண்டு வருசத்துக்கு முன்னால அவங்க ஹாலுக்கு நானும் மேஸ்திரியும் போய் ஒட்டியிருந்தோம். இப்ப மகனுக்குக் கல்யாணம், அவனோட ரூமுக்கு ஒட்டோணுமாமா. "உன்னைத்தான் கூப்பிடோணும்னு இருந்தேன் புள்ள"ன்னாங்க. என்ற காலு தரையில படலைங்க. போய் அளந்தேன். ரெண்டு நாள் வேலை. "நாளுக்கு ஆயிரத்து இரநூறு தாங்கம்மா. கையாள் வேண்டாம், பசையும் நானே தடவிக்கறேன்"ன்னேன். "ஆகட்டும் பாக்கலாம்"ன்னாங்க. ஆகட்டும்னா சரின்னு நான் எடுத்துக்கிட்டேன். மொத வேலையில என்ன கூலி வாங்கறனோ அதுதான் நாளைக்கு எல்லா ஊட்டுலயும். இதுல ஐநூறு வாங்கினேன்னா ஆயுசுக்கும் ஐநூறுதான். அது எனக்கு நல்லாத் தெரியும்.

காலையில ரெண்டு பட்டை ஒட்டிட்டேன். பச்சைக் கொடி போட்ட பேப்பர். மூணாவதுக்குப் பசை தடவி மடிச்சு வெச்சிருக்கறேன், வாசல்ல டிவிஎஸ் சத்தம் கேக்குது. அந்தம்மாதான் வரச் சொல்லியிருக்காங்க.

"ஏனுங் மேஸ்திரி, இந்தப் புள்ள ரெண்டு நாளைக்கு ரெண்டாயிரத்து நானூறு கேக்குது. நியாயந்தானான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்கு நிம்மதி பாருங்க."

என்னைப் பாத்துச் சிரிச்சாரு. "நல்லாருக்கறயா அம்மிணி?"ன்னாரு. டேப்பை எடுத்துச் சுவத்தை மூணு தடவை அளந்தாரு. நான் ஏணிகிட்ட நிக்கறேன். பேப்பர் ஊறிக்கிட்டிருக்குது. ஜன்னலுக்கு வெளிய, களை எடுக்கற பொம்பளைங்க நாலஞ்சு பேரு பதினோரு மணிக் காப்பிக்கு உக்காந்திருக்கறாங்க. மேஸ்திரி எழுதி முடிச்சுத் தாளைத் திருப்பி அந்தம்மாகிட்டக் குடுத்தாரு.

"ரெண்டு நாளுங்கறது சரிங்க. புள்ள எச்சாச் சொல்லலை. ஆனா இது ஒட்டறவர் கூலிங்க."

"அப்ப நான் என்ன பண்றனாமா?"ன்னேன்.

"வெசனப்படாத அம்மிணி. உனக்குச் சேர வேண்டியதைக் கொறைக்க மாட்டேன். கையாள் கூலி ஐநூறு. தனியா வந்து கஷ்டப்படறயேன்னு அறநூறாப் போட்டிருக்கறேன்."

"மேஸ்திரி, நீங்க பொய் பேசாத ஆளு. இந்த ஊட்டு ஹால்ல பேப்பர் ஒட்டினது யாரு? அதை மட்டும் சொல்லுங்க"ன்னேன்.

கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. "நாந்தான் ஒட்டினேன். நீ பசை தடவுன" அப்படீன்னாரு.

ஆறு வருசத்துல அந்தாளு வாயில இருந்து பொய் வந்து நான் கேட்டதே இல்லை. ஒரு ரோலுக்கு மழையில போன ஆளுங்க அது! ஒரு நிமிசம் நான்தான் ஏதோ தப்பா நெனச்சுக்கிட்டு இருக்கறனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. அவ்வளவு நிதானமாச் சொன்னாரு.

மடிச்சு வெச்சிருந்த பேப்பரை எடுத்து நீட்டினேன். "அப்ப இதையும் நீங்களே ஒட்டிருங்க. காஞ்சு போனா அந்தம்மா காசு வீணாப் போகும்."

அதைச் சொன்னதும் வாங்கிக்கிட்டாரு. அடுத்தவங்க காசு வீணாப் போறதை அவரால பாத்துக்கிட்டிருக்க முடியாது. ஏணியில ரெண்டு படி ஏறினாரு. பேப்பரைத் தூக்கினாரு. கை தோளுக்கு வந்து நின்னுக்கிச்சு. எட்டுதான்னு பாக்கறாரு, நுனிக்கால்ல எம்பறாரு, ஆகலை. திரும்பாமயே, பழக்கத்துல, "இந்தா அம்மிணி, புடி"ன்னாரு.

நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். பேப்பர் அவுந்து அவரு தலையில விழுந்து, தோள்ல வழிஞ்சு, கிழிஞ்சு போச்சு. வெள்ளைச் சட்டை, காது, பென்சில் எல்லாம் பசை. நோவு வந்த கையை அப்படி ஊரு முன்னால தூக்கிக் காட்ட வெச்சது தப்புன்னு என்ற ஊட்டுக்காரரு இன்னைக்கும் சொல்றாரு. தப்போ சரியோ, எனக்கு அப்பச் சந்தோசமா இருந்துச்சு. வயிறு குளுந்துச்சு. அதை மறைக்க மாட்டேன்.

எறங்கி வந்தவரு அந்தம்மாகிட்ட மொதல்ல சொன்னது என்ன தெரியுங்களா? "அந்தப் பட்டைக்கு நான் காசு குடுத்தர்றனுங்க."

அந்தம்மா அதைக் காதுலயே வாங்கலை. என்னைப் பாத்து, "ஏன் புள்ள இந்தக் கூத்தெல்லாம்? ஹால்ல ஒட்டினது யாருன்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு நாளும் காப்பி கொண்டாந்து குடுத்தவ நாந்தானே. நீ ஏணி மேல நின்னே, அவரு கீழ நின்னாரு. எனக்குக் கண்ணு இல்லியா?"ன்னாங்க. அப்பறம் ஜன்னலை எட்டிப் பாத்துட்டுக் கொரலைத் தாழ்த்திக்கிட்டாங்க. "பொம்பளை ஒருத்திக்கு ஆயிரத்து இரநூறு குடுத்தேன்னு தெரிஞ்சா, அங்க உக்காந்திருக்கறவங்க நாளைக்குச் சும்மா களை எடுப்பாங்களா? பத்து ஏக்கராக் காட்டை வெச்சுக்கிட்டு நான் எங்க போய் முட்டிக்கறது?"

"அதைத்தானுங்க நானும் சொல்ல வந்தேன்"ன்னாரு மேஸ்திரி, காதுல இருந்த பசையை வழிச்சுக்கிட்டு.

ரெண்டு பேரையும் பாத்தேன். கத்தி, தேய்ப்பான், தூக்குக்குண்டு எல்லாத்தையும் பையில போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டேன். ஒட்டின ரெண்டு பட்டைக்கும் காசு வேண்டாம்னுட்டேன். கொழிஞ்சாம்பாறை பஸ்ஸுல ஏறி உக்காந்த பொறவுதான் அழுகை வந்துச்சு. பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணு யாராச்சும் செத்துட்டாங்களான்னு கேட்டா.

நாலு நாள் கழிச்சு மேஸ்திரி போன் பண்ணினாரு.

"அம்மிணி, கல்யாணத்துக்கு எட்டு நாள்தான் இருக்குது. வேலையை நான் எடுத்துக்கிட்டேன். ரெண்டு ஆளைக் கூட்டியாந்து பாத்தேன், உன்ற கொடியோட கொடி சேக்க அவங்களால ஆகலை. நீ வந்து முடிச்சுக் குடுத்துரு. ரெண்டாயிரத்து நானூறும் உனக்கே தாரேன். நான் ஒரு பைசா தொட மாட்டேன்."

"தாளுல என்னன்னுங்க எழுதியிருக்குது?"ன்னு கேட்டேன்.

"எப்பவும் போலத்தான். ஒட்டறவர் ஆயிரத்து இரநூறு, கையாள் ஐநூறு, லாபம் பத்து. அவங்க சரின்னுட்டாங்க."

கூட்டிப் பாருங்க. நான் கேட்டதைவிட எச்சு. அந்தம்மா அதுக்குத் தலையாட்டியிருக்காங்க. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அன்னைக்கு எனக்குக் காசு வேணும்ங்க, மகளுக்குக் காலேஜுல கட்ட வேண்டியிருந்துச்சு. இருந்தும் சொன்னேன்.

"மேஸ்திரி, எனக்கு அந்த ரெண்டாயிரத்து நானூறு வேண்டாம். சும்மாவே வந்து ஒட்டிக் குடுக்கறேன். அந்தம்மாகிட்டப் போய் நில்லுங்க. போனைச் சத்தமா வெய்யுங்க. 'ஹால்ல ஒட்டினது அந்தப் புள்ளைதான், நான் இல்லை'ன்னு ஒருக்காச் சொல்லுங்க. அவங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்க வாயில இருந்து வரோணும். அவ்வளவுதான் என்ற ரேட்டு."

எந்த ஊட்டுலயும் அவசரப்பட்டு ரேட்டு சொல்லாத மனுசன், இதையும் நிதானமா யோசிச்சுத்தான் சொன்னாரு.

"அது கட்டுபடியாகாது அம்மிணி."